ஏழாவது நிமிடம்

கடற்கரை ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை, ஐயா. உப்புக்காற்று கம்பியை அரித்துக்கொண்டே இருக்கும். காரைக்காலில் பதினாறு வருடமாக எனக்கு அதுதான் பிழைப்பு. பிலோமின்ராஜும் தெட்சிணாமூர்த்தியும் அப்படித்தான் பழக்கமானார்கள்.

இரண்டு பேரில் யார் பெரிய கெட்டிக்காரர் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். பிலோமின்ராஜ் பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்து, ஒரு தகரப் பெட்டிக்குள் சத்தம் எழுப்பும் கருவி செய்தார். குமிழைத் திருகினால் முனகலில் தொடங்கி விசிலாக ஏறும். அதுதான் அவருடைய சங்கீதம். தெட்சிணாமூர்த்தி பூவத்துக்காரர், டெலிபோன் ஆபீசில் வேலை. அவர் சத்தத்தை உண்டாக்கமாட்டார், பிடித்து வருவார். கருக்களாச்சேரியில் வலை இழுப்பது, நெல் மில், டெலிபோன் மணி. டேப்பை பிளேடால் வெட்டி, தலைகீழாக ஒட்டி ஓடவிடுவார். வாத்தியாரிடம் ஒழுங்கு அதிகம். காது என்றால் தெட்சிணாமூர்த்திதான். 1978இல் இந்தப் பக்கம் இப்படிச் செய்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான் என்று சொல்வார்கள்.

டேப்பும் பார்ட்ஸும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். செய்ததை முதலில் என்னிடம்தான் போட்டுக் காட்டுவார்கள். "அவரு என்ன பண்றாரு சுந்தரம்?" என்று இருவருமே கேட்பார்கள். நான் பொய் சொன்னதில்லை. "ஒங்க பெட்டி உள்ள எப்படி இருக்குன்னு தெட்சிணாமூர்த்தி கேட்டாருங்க" என்று வாத்தியாரிடம் சொன்னேன். கேட்டது உண்மை. "வாத்தியார் டேப்புல ஒரு எடத்துல அலைச் சத்தம் மாதிரி வருதுங்க, ஒங்களுது இல்லியே?" என்று தெட்சிணாமூர்த்தியிடம் கேட்டேன். வெறும் கேள்விதானே. ஆறு மாதத்தில் வாத்தியார் அறைக்கு இரண்டு பூட்டுப் போட்டார். தெட்சிணாமூர்த்தி தன் டேப்களைத் தபாலில் தனக்கே அனுப்பி, முத்திரை விழுந்த உறையைத் தேதிக்குச் சாட்சியாகப் பிரிக்காமல் பீரோவில் அடுக்கினார். கடைத்தெருவில் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்தது.

போன வருடம் வாத்தியாரின் சித்தப்பா பாரீசிலிருந்து ஒரு தாள் அனுப்பினார். அங்கே ஓர் இசைக்கூடம் இந்த மாதிரி டேப்களை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தது. இருவரையும் கடைக்கு வரவழைத்தேன். சமாதானம் செய்யத்தான். யாருடையது என்று சொல்லாமல் ஒரு டேப்பைப் போட்டேன். பன்னிரண்டு நிமிடம் ஓடும். நாலு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நான் செய்தது.

ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தபடியே கேட்டார்கள். முடிந்ததும் வாத்தியார், "ஒங்களுது இல்லியே?" என்றார்.

"சத்தியமா இல்லீங்க. நீங்களும் இப்படிப் பண்ண மாட்டீங்க. யாரோ ரிப்பேர் செட்டை டெஸ்ட் பண்ணிருக்காங்க" என்றார் தெட்சிணாமூர்த்தி.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே சைக்கிளில் கிளம்பிப் போனார்கள்.

அடுத்த வாரம் வாத்தியாரின் மனைவி சலோமி தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரே டேப்பா அனுப்பப் போறாங்களாம் அண்ணே. எல்லாம் ஒங்களாலதான். இந்தப் பெட்டியத் தொட்டா சுருக்குங்குது, செத்த பாத்துக் குடுங்க. சனிக்கிழம ரெக்கார்டிங்."

பார்த்துக் கொடுத்தேன். சுருக்கென்றதை எடுக்கவில்லை, முழுக் கரண்டும் குமிழுக்கு வரும்படி ஆக்கினேன். உள்ளே ஒரே ஒரு ஈயப் பற்று, ஒரு சால்டர்தான். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு சுவிட்சைப் போட்டது தெட்சிணாமூர்த்தி. குமிழைத் தொட்டது வாத்தியார். சலோமி ஓடிவந்தபோது தெட்சிணாமூர்த்தி வாத்தியாரை மடியில் கிடத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாராம். பழைய சண்டை ஊருக்கே தெரியும். நீங்களும் தெட்சிணாமூர்த்தியைத்தான் பிடித்தீர்கள்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோதும் டேப் ஓடிக்கொண்டிருந்தது. சலோமி கண்ணில் படக் கூடாதென்று ரெக்கார்டரை நான் எடுத்து வந்துவிட்டேன். அதில் நாற்பது வினாடியை வெட்டி, என் டேப்பின் ஏழாவது நிமிடத்தில் ஒட்டினேன். அந்த இடத்தில்தான் கொஞ்சம் தொய்வாக இருந்தது. போன மாதம் பாரீசுக்கு அனுப்பிவிட்டேன்.

தெட்சிணாமூர்த்தி நாலு மாதமாக உள்ளே இருக்கிறார். அவர் மனைவி பங்கஜவல்லி கடைக்கு வந்து அழுதார். ஆறுதல் சொல்லி அனுப்பினேன். நேற்று பேப்பரில், 'டெலிபோன் ஊழியரின் கைவரிசை, மிக நுட்பமான வேலை' என்று போட்டிருந்தார்கள். அவருக்குச் சால்டர் வைக்கக்கூட வராது, ஐயா.

நிரபராதி ஒருவர் என்னால் கஷ்டப்படக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பிலோமின்ராஜைக் கொன்றது சண்முகசுந்தரமாகிய நான். பேப்பர்காரர்களிடம் சொல்லும்போது, 'மிக நுட்பமான வேலை' என்பதை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.