பிள்ளையை விடப்போகும் வீடு

தியாகதுருகத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் ஒரு வயதுக் குழந்தை.

“அந்த வூட்ல நானே தூங்கிட்டேங்க்கா.”

“இன்னாடி சொல்ற? புள்ளய வுட எடம் பாக்கத்தான போன?”

“ஆமாங்க்கா, மெடிக்கல்ல மறுபடி அரைநாள் வேலைக்குக் கூப்புடறாங்களே. புள்ளைங்கள பாத்துக்கற அந்தம்மா மூணு தூளியையும் ஒரே கயித்தால சேத்துக் கட்டி, கால் கட்டைவெரல்ல மாட்டி ஆட்டிக்கினே பூ கட்றாங்க. வாயப் பொளந்து பாத்துக்கினே இருந்தேன். இவன் பொறந்ததுலேர்ந்து வராத தூக்கம் வந்துடுச்சு.”

“அய்யய்யோ, புள்ள?”

“முழிச்சுப் பாத்தா சாயந்தரம். இவன் புதுசா கட்டுன நாலாவது தூளியில தூங்கிக்கினு இருக்கான்.”

“வேற எடம் பாக்கலயா?”

“இன்னாத்துக்கு? என் தலைக்கடியிலயும் ஒரு தலகாணி இருந்துச்சுக்கா. எப்ப வெச்சாங்கன்னே தெரியல.”