கண்ணன்பையும் சுதன்பையும்

எனக்கு வேலை ஒன்றும் கிடைக்காத நாள். மருதனார்மடத்தில் பேருந்துக்கு நின்றபோது பின்னாலிருந்து ஒரு பெடியனின் குரல் கேட்டது.

"கண்ணன் துவக்கைக் கீழை போட்டால் எல்லாரின்ரை துவக்கும் காணாமல் போகுது."

துப்பாக்கிப் பேச்சைக் கேட்டு வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் வெடுக்கென்று திரும்பினார்.

"கொம்பியூட்டர் கேம், ஐயா," என்றாள் அவனுடைய தங்கை.

"இண்டைக்கும் சரிவராட்டில் பெடியள் எங்கடை சேர்வரை விட்டிட்டுப் போயிடுவாங்கள்," என்றான் அவன். "கேமிலை ஒவ்வொருத்தரின்ரை சாமானும் கிடக்கிற பைக்கு ஆளின்ரை பேரை ஒட்டித்தானே பேர் வைச்சனான். கண்ணன்பை, சுதன்பை."

"பேர்தான் வேறை, அண்ணை. பை ஒண்டு. எங்கடை பூனையை நீ மணி எண்டுறாய், அம்மா ராசா எண்டுறா. அதுக்காகப் பூனை ரெண்டோ?"

"அப்ப?"

"ஆளுக்கொரு வெறும் பை திறந்து, சாமானை ஒவ்வொண்டாய் அதுக்குள்ளை கொப்பி பண்ணப் புரோகிராமிலை எழுதிவிட்டிருக்கிறன். கண்ணனைத் துவக்கைப் போடச் சொல்லு."

அவன் போனில் சொன்னான். சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் சுதன் கத்தினான்: "அவன் போட்டிட்டான்! என்ரை துவக்கு என்னட்டைக் கிடக்கு! நாங்கள் ஒருத்தரும் போகேல்லையடா!"

அண்ணன் துள்ளிக் குதித்தான். "நான்தான் திருத்தினது எண்டு சொல்லட்டே?"

"சொல்லிப் பார். இனி உன்ரை பையை மட்டும் வெறுமையாக்கலாம்."