நேற்றைய பச்சை

உங்கள் மேசைக் கம்ப்யூட்டர் திறக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஐயா. தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. ஆன் செய்த உடனே பத்துப் பன்னிரண்டு புரோகிராம்கள் பஸ்ஸில் இடம் பிடிப்பது போல முண்டியடித்துக்கொண்டு கிளம்பும். வேண்டாததை நிறுத்தி வைத்தால் போதும். நான் செய்ததும் தொடக்கத்தில் அவ்வளவுதான்.

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் பதினொரு அறைகள். மீனும் இறைச்சியும் அடுக்கி வைத்திருப்போம். அறைகளைக் குளிர வைக்கக் குழாய்களில் அம்மோனியா ஓடும். அது கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் அறைக்கு ஒரு கருவி, எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதைப் பார்த்துக்கொள்ள நான். திரையில் பதினொரு கட்டங்கள் வரும். பதினொன்றும் பச்சையானால்தான் ஷட்டரைத் தூக்குவோம். ஒன்று சிவந்தாலும் சைரன் அலறும், யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது.

மேலாளருக்கு ஒரு பழக்கம். இயந்திரத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று மாலையில் அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லிவிடுவார். காலை ஏழு மணிக்கு நான் ஆன் செய்வேன். புரோகிராம் எழுந்து, ஒவ்வொரு அறையாக நலம் விசாரித்து, பச்சை காட்டி முடிக்கச் சரியாக நான்கு நிமிடம் பத்து நொடி ஆகும். அதுவரை இருபது பேர் ஷட்டருக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சும்மா நிற்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 'நத்தை' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் வேறு யாருமில்லை, என் தங்கையின் கணவர். சுமை தூக்குகிறவர்களுக்குத் தலைவர் அவர். “என்ன மச்சான், உங்க நத்தை பல்லு விளக்கிருச்சா?” என்று தினமும் ஜன்னல் பக்கம் வந்து கேட்பார். கெட்ட மனிதர் இல்லை. தங்கையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். ஆனால் ஒரு நாள் எங்கள் வீட்டிலேயே, என் பிள்ளைகள் முன்னால், “உங்க நத்தை அப்பா வந்தாச்சு” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வலித்தது. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். பிரிண்டருக்கான புரோகிராம், காலண்டர், யாரோ எப்போதோ போட்ட சீட்டாட்டம் எல்லாவற்றையும் தொடக்கப் பட்டியலிலிருந்து எடுத்தேன். மூன்று நிமிடம் நாற்பது நொடிக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. மிச்ச நேரம் முழுவதும் அந்தப் பதினொரு அறைகளை விசாரிப்பதில்தான் போனது.

விசாரணையை நான் நீக்கவில்லை, ஐயா. அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை. அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். மாலையில் அணைக்கும்போது திரை எப்படி இருந்ததோ அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். காலையில் திறந்ததும் முதலில் அதைக் காட்டும். அறைகளை விசாரிப்பது திரைக்குப் பின்னால், மெதுவாக, அதன் பாட்டுக்கு நடக்கும். ஆன் செய்ததிலிருந்து ஒன்பது நொடி. பதினொன்றும் பச்சை. நேற்றைய பச்சைதான். ஆனாலும் பச்சை.

வெளியே கைதட்டினார்கள். மேலாளர் தோளில் தட்டினார். மாப்பிள்ளை ஜன்னலில் தலையை நீட்டி, “மச்சான், இனிமே நீங்க மின்னல்” என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு நடக்கிற மாதிரியே இல்லை.

ஒன்பது நொடியின் ரகசியம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உண்மையான பதில் வருவதற்குள் அவர்கள் பாதிக் கிடங்கைத் தாண்டியிருப்பார்கள். முதல் வாரம் அந்த விசாரணை முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். பிறகு பழகிவிட்டது. நேற்று நன்றாக இருந்த குழாய் இன்றும் நன்றாகத்தானே இருக்கும் என்று இருந்துவிட்டேன். முப்பத்தாறு நாள் அப்படித்தான் இருந்தது.

முப்பத்தேழாவது நாள், வேறு கிளையிலிருந்து மூன்று அதிகாரிகள் என் ஒன்பது நொடியைப் பார்க்க வருவதாக இருந்தது. ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். கட்டுப்பாட்டு அறையில், குளிர் அறைகளுக்குப் போகும் நடைபாதைப் பக்கமாக ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு. அதன் அருகே போனபோது கண் எரிந்தது. மூக்கில் சுருக்கென்று ஏறியது. பதினான்கு வருடம் அங்கே வேலை பார்த்தவன் நான். அது என்ன என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

துளையை ஒரு துணியால் அடைத்தேன். அதிகாரிகளுக்குக் கண் எரியக் கூடாதல்லவா?

ஏழு மணிக்கு மேலாளர் அவர்களை அழைத்து வந்தார். ஒருவர் கையில் கடிகாரம். ஆன் செய்தேன். ஒன்பது நொடியில் பச்சை. “பிரமாதம்” என்றார் கடிகாரக்காரர். அப்போதுதான் மாப்பிள்ளை ஜன்னலுக்கு வந்தார்.

“மச்சான், பச்சைதானே? தூக்கச் சொல்லட்டுமா?”

நான்கு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எதற்கு என்று கடிகாரக்காரர் கேட்டிருப்பார். முப்பத்தாறு நாளும் காட்டியது எந்தப் பச்சை என்றும் கேட்டிருப்பார்கள். மறுபடியும் நத்தை.

“பச்சைதான் மாப்ளே, போங்க” என்றேன்.

எப்போதும் முதல் ஆளாகப் போகிறவர் அவர். அன்றும் ஏழாம் அறை வரை அவர்தான் முதலில் போனார். பின்னால் போனவர்கள் இருமிக்கொண்டே திரும்பி ஓடி வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஏழாம் கட்டம் சிவந்து சைரன் அலறியது. புரோகிராமில் எந்தக் குறையும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அண்ணா, அவரு ரொம்ப நேரம் தவிச்சாரா?” ஏறக்குறைய நான்கு நிமிடம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் கோப்பிலும் இருக்கும்.

“இல்லம்மா. ஒன்பதே நொடிதான்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்ததும் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. பாருங்கள் ஐயா, நான் குறைத்துக் கொடுத்த நேரம் கடைசியில் அவளுக்காவது உதவியது.