முப்பத்திரண்டு டிகிரி

கம்ப்யூட்டருக்கு ரேம் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் அப்படிக் கேட்டதில்லை. ரேம் என்பது கம்ப்யூட்டரின் நினைவு. கரண்ட் இருக்கும்வரை எல்லா எண்களையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஓர் எண்ணைக் கொடுத்து வைத்தால், கேட்கும்போது அதே எண்ணைத் திருப்பித் தர வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். எந்த கம்பெனி ரேம் அதைச் செய்யும், எது செய்யாது என்பதை வாங்குகிறவன் சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று எங்கள் சாயப்பட்டறைக்கு விசாரணைக்கு வந்த நீங்கள் என் மாமனார் கிட்டுசாமியிடம் ஒன்று சொன்னீர்கள். "மாப்பிள்ளையத் திட்டாதீங்க. வெவரம் தெரியாம மட்டமான ரேமை வாங்கிப் போட்டுட்டாரு." நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். விவரம் தெரியாமல் நான் எதையும் வாங்கவில்லை சார். 1996-ல் திருப்பூரில் ரேமைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

என் பெயர் மணியன். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பட்டறையில் எல்லோருக்கும் நான் மாப்பிள்ளை. வாட்ச்மேனும் மாப்பிள்ளைங்க என்றுதான் கூப்பிடுவான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, கிட்டுசாமியின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்து தங்கியவன். கல்யாணமான புதிதில் பெங்களூரில் ஒரு வேலை கிடைத்தது. மாமனார் கோபப்படவில்லை. அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "எதுக்குங்க மாப்ள வெளிய போயி? எல்லாம் இங்கயே இருக்குதில்லீங்களா?" என்றார். என் மனைவியும் அதையே சொன்னாள். என் அம்மா ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து அதையே சொல்லிவிட்டுப் போனாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இலையில் எனக்குத்தான் முதலில் விழும். ஆனால் அவிநாசி வரைக்கும் போய்வர வேண்டுமென்றாலும் ஸ்கூட்டர் சாவியை மாமனார் மேசையிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தால், "எங்கீங்க மாப்ள, பெட்ரோல் இருக்குதுங்களா?" என்பார். அக்கறையான மனிதர். நான் பெரும்பாலும் எடுப்பதில்லை.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவர்தான். முஸ்தபா பாய், எங்கள் டையிங் மாஸ்டர். சாயம் ஏற்றும் வேலைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. டிப்ளமா படித்தவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். சாயந்திரமானால் சாய மெஷின் பக்கத்திலிருந்த என் கேபினுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். "மணி, இன்னிக்கி என்னப்பா புதுசா எழுதின?" என்று கேட்டு, நான் எழுதும் புரோகிராம்களைப் பற்றி ஒன்றும் புரியாமலே முழுதாகக் கேட்பார். அந்த வளாகத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு டீ நேரம்தான்.

சென்ற வருஷம் மாமனார் இறக்குமதிச் சரக்கில் பழைய சாய மெஷின் ஒன்றை வாங்கினார். படுக்க வைத்த எவர்சில்வர் உருளை மாதிரி இருக்கும். உள்ளே பனியன் துணி கொதிக்கும் சாயத்தில் அழுத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். அதன் கண்ட்ரோல் பேனல் வரும்போதே பழுதாகியிருந்தது. நான் ஒரு கம்ப்யூட்டரை இணைத்து, மெஷினை ஓட்டும் புரோகிராமை எழுதிக் கொடுத்தேன். திரையில் சூடு தெரியும். நாற்பது டிகிரிக்குக் கீழே வந்தால்தான் மூடியைத் திறக்க விடும். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதில் போட்டிருந்தது நல்ல ரேம்.

பிறகு முஸ்தபா பாய்க்கு மொரிஷியஸில் வேலை கிடைத்தது. ஒரு பெரிய பின்னலாடை மில். டீயைக் கையில் பிடித்தபடிதான் சொன்னார்.

"விசா வந்துருச்சு மணி. அடுத்த மாசம் கெளம்பணும். அங்க கடல் தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குமாம்."

"நல்லதுங்க பாய்" என்றேன்.

"நீயும் வந்துரு. கம்ப்யூட்டருக்கு அங்க ஆள் வேணும்னு கேக்கறாங்க. நான் பேசறேன்."

"மாமா விடமாட்டாருங்க."

"கேட்டுப் பாத்தியா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. சில விஷயங்கள் கேட்காமலே தெரியும். அவர் அப்படிக் கேட்டதுகூட எனக்கு வருத்தம்தான். ஒருவனுடைய நிலைமை தெரிந்தும் அப்படிக் கேட்பது நல்லதல்ல.

அவர் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனால் போதும், அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும் என்று நினைத்தேன். கையில் லேசாகக் கொப்புளம் வந்தால்கூடப் போதும். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

கோயம்புத்தூருக்குப் போய் மூன்று வகை ரேம் வாங்கி வந்தேன். கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தேன். இரண்டு நல்ல கம்பெனிகளுடையவை. மூன்றாவதில் பெயரே இல்லை, ஒரு நீல ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது. கடைக்காரரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. "அது வேண்டாங்க, சூடானா தப்பா காட்டுது. திருப்பி அனுப்பறதுக்கு எடுத்து வெச்சிருக்கறேன்" என்று அவர் சொல்லத்தான் செய்தார். "பரவால்லீங்க, குடுங்க" என்று நான்தான் வாங்கினேன்.

மூன்றையும் ஒரே மாதிரி சோதித்தேன். எண்களை வைத்து வைத்து எடுத்துப் பார்க்கும் சின்னப் புரோகிராம் ஒன்று எழுதினேன். கம்ப்யூட்டரின் மேல்தகட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டேன். முதல் இரண்டும் அசையவில்லை. அவற்றில் ஒன்று வேகத்திலும் கொஞ்சம் மேல். வேறு யாராவது யோசனை கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். மூன்றாவது, சூடேறியதும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தவறியது. அங்கே வைத்த எண்ணில் அறுபத்து நான்கைத் தொலைத்தது. நூறை வைத்தால் முப்பத்தாறு வந்தது. தொண்ணூற்றாறை வைத்தால் முப்பத்திரண்டு. ஃபேனைத் திருப்பி அதன்மேல் காற்றுப் பட விட்டால் மறுபடி சரியாகிவிடும். காற்றை நிறுத்தினால் தவறும். ஒரு வாரம் பார்த்தேன். ஒருமுறைகூட அது என்னை ஏமாற்றவில்லை.

மட்டமான ரேம் என்று நீங்கள் சொன்னது இதனால்தான் சரியில்லை. எப்போது தவறும், எவ்வளவு தவறும் என்பது இத்தனை உறுதியாகத் தெரிந்த ரேமை நான் பார்த்ததே இல்லை. அதைத்தான் தேர்ந்தெடுத்து, பழைய ரேமைக் கழற்றிவிட்டு மெஷின் கம்ப்யூட்டரில் போட்டேன்.

தவறும் இடம் ஒன்றுதான் என்றால், மெஷினின் சூடு அந்த இடத்தில் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். புரோகிராம் என்னுடையது. எந்த எண்ணை எங்கே வைப்பது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு வரி மாற்றினேன்.

மெஷினின் மேல் சூடு காட்டும் முள் மீட்டர் ஒன்று இருக்கும். அது அன்றைக்கு அங்கே இல்லை. ரிப்பேருக்குப் போயிருந்தது. அனுப்பியது நான்.

அன்று கருநீலச் சாயம். துணி தொண்ணூற்றாறு டிகிரியில் ஓடி முடித்து, ஆறத் தொடங்கும் நேரம். முஸ்தபா பாய் லேபில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர்மேல் காற்று வீசிக்கொண்டிருந்த கேபின் ஃபேனை நிறுத்தினேன். திருப்பூர் வெயிலும் பாய்லர் அனலும் சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொண்டன. திரையில் எண் மாறியது. சூடு ஆறிவிட்டது என்று நம்பி, மெஷின் தானாகவே நின்றது. அவர் கையுறை மாட்டிக்கொண்டே வந்தார்.

"முடிஞ்சுதா மணி? சீக்கிரமா ஆறியிருக்கே. திரையில என்ன காட்டுது?"

"முப்பத்திரண்டுங்க பாய்."

மூடிமேல் கையை வைத்தார்.

"சுடுதேப்பா."

"பக்கத்து மெஷின் ஓடுதில்லீங்க" என்றேன்.

பக்கத்து மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையிலும் முப்பத்திரண்டுதான் இருந்தது. நான் சொன்ன எதுவும் பொய் இல்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காத ஒன்றைத்தான் சொல்லவில்லை.

அவர் மூடியைத் திருகினார். அழுத்தத்தோடு இருந்த சாயத் தண்ணீர் முகத்துக்கு நேராக வந்தது. கையுறை போட்டிருந்ததால் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கைதான் சுடும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் எப்போதும் கையுறை போடுகிறவர் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதை இப்போது உங்களிடம் சொல்லும்போதுதான் கவனிக்கிறேன்.

அவரை நான்தான் காரில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன். மாமனார் கேள்வி எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் எவ்வளவோ முயன்றார். இரண்டு கண்ணும் போய்விட்டது.

இப்போது காதர்பேட்டையில் அவருடைய வீட்டில் இருக்கிறார். சாயந்திரம் டீயை நான் அங்கே வாங்கிக்கொண்டு போகிறேன். பேப்பர் படித்துக் காட்டுகிறேன். அவருடைய மனைவி சபுரா பீவிக்கு வெளிவேலை நிறைய, அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொள்வது அவர்களுக்கும் உதவி. முதல் வாரம் நிறையப் பேர் வந்தார்கள். இப்போது யாரும் வருவதில்லை. போன செவ்வாய்க்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னாயிருப்பேன் மணி" என்றார். பிறகு, "அந்த ரேமுல எப்படிப்பா தப்பு வந்துச்சு?" என்று கேட்டார். அவருக்குப் புரியும்படி பொறுமையாக விளக்கினேன். வழக்கம்போல் முழுதாகக் கேட்டார்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் சார். தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ரேமை வாங்கினேன், வரியை மாற்றினேன், மீட்டரைக் கழற்றினேன், ஃபேனை நிறுத்தினேன், திறக்கட்டும் என்று நின்று பார்த்தேன். ஆனால் அவரை நான் அடைத்து வைத்துவிட்டதாக மட்டும் எழுத வேண்டாம். நான் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், அவர் வீட்டுக் கதவு நாள் முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது. அவர்தான் எங்கேயும் போவதில்லை.