நாப்பது பல்லு அம்மா

அண்ணி: மறுபடியும் அதேதான் வருது தம்பி.

கொழுந்தன்: எது அண்ணி?

அண்ணி: ஸ்கிரீன்ல யாருன்னே தெரியாத பேஷண்ட்டுங்க. எதைக் காட்டணும்னு சொல்ற கன்ஃபிக் ஃபைல்ல புது டேட்டாபேஸ் பேரைத்தான் போட்டிருக்கேன். புரோகிராம் ஓடற மூணு கன்டெய்னரையும் நிறுத்தி, திரும்ப ஓட விட்டேன். கேக்கவே மாட்டேங்குது.

கொழுந்தன்: சேவ் பண்ணீங்களா?

அண்ணி: உங்க அண்ணன் மாதிரியே கேக்காத.

கொழுந்தன்: விடுங்களேன்... பல் டாக்டர் வர்ற நேரம். இருக்கறதைக் காட்டிடலாம்.

அண்ணி: எதைக் காட்ட? இங்க பாரு, இந்த அம்மாவுக்கு நாப்பது பல்லுன்னு இருக்கு.

கொழுந்தன்: ...கடைவாய்ப்பல்லையும் சேத்து எண்ணியிருப்பாங்க.

அண்ணி: விளையாடாத. நம்ம சாஃப்ட்வேருக்கு இருக்கறதே இந்த ஒரு கஸ்டமர். அவரும் போயிட்டா கடையைச் சாத்த வேண்டியதுதான்.

கொழுந்தன்: தெரியும் அண்ணி. அதனாலதான்...

அண்ணி: இரு, இது என்ன? இன்னொரு கன்ஃபிக் ஃபைல்?

கொழுந்தன்: அதைத் திறக்காதீங்க.

அண்ணி: திறந்தாச்சு. ஓவர்ரைடு ஃபைலா... நான் அங்க என்ன எழுதினாலும் கடைசியில இது சொல்றதுதானே நடக்கும். காலையிலேர்ந்து எனக்குத் தலை சுத்துது. யார் வெச்சது?

கொழுந்தன்: நான்தான்.

அண்ணி: எதுக்கு?

கொழுந்தன்: திட்டக் கூடாது... வெள்ளிக்கிழமை கன்டெய்னரை நிறுத்தறப்போ, டேட்டாவையும் சேத்து அழிக்கற மாதிரி கமாண்ட் குடுத்துட்டேன். டாக்டரோட பேஷண்ட் ஒருத்தர்கூட இல்ல. பயத்துல வாய்க்கு வந்த பேரெல்லாம் போட்டு ஒரு டேட்டாபேஸ் பண்ணி, அதைக் காட்டச் சொல்லிட்டேன்.

அண்ணி: வெள்ளிக்கிழமையா?

கொழுந்தன்: ம்.

அண்ணி: அழிக்கறதுக்கு முன்னாடி உள்ள பாத்தியா?

கொழுந்தன்: இல்ல... ஏன்? ஆமா, நான் அழிச்சதே உங்களுக்குத் தெரியாது. அப்புறம் எதுக்குப் புது டேட்டாபேஸ்? இருங்க, பெல் அடிக்குது. டாக்டர்தான்.

அண்ணி: நீ அழிச்சது காலி டேட்டாபேஸ்ப்பா. வியாழக்கிழமையே அதே கமாண்டை நான் குடுத்துட்டேன். உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வெக்கமா இருந்தது. கிளினிக் ரிசப்ஷன் பொண்ணைக் கெஞ்சி, பேஷண்ட்டுங்களோட பழைய கார்டையெல்லாம் வாங்கிட்டு வந்து, புது டேட்டாபேஸ்ல டைப் அடிச்சுட்டிருக்கேன். பாதிதான் முடிஞ்சுது, மீதி அந்தப் பையில இருக்கு. முதல்ல பையை மேஜைக்கு அடியில தள்ளு, அப்புறம் போய்க் கதவைத் திற.