ஒரே ஒரு சேவ்

அடுத்த பாகத்தில் சண்டைக் காட்சிகளை அவர்கள் மாற்ற வேண்டியதில்லை சார். படமும் இசையும் இப்போதே நன்றாகத்தான் இருக்கின்றன. உங்கள் மகளும் இந்த வீடியோ கேமை ஆடுகிறாள் என்று சொன்னீர்களே, அவளைக் கேட்டுப் பாருங்கள். குறை ஒன்றே ஒன்றுதான். ஐந்து பாகம் வந்தும், ஆடியதைச் சேமித்து வைக்க ஒரே ஓர் இடம்தான் தருகிறார்கள். யாராவது 'புதிய ஆட்டம்' என்பதை அழுத்திவிட்டால் பழையது அழிந்துபோகும்.

வீட்டுக் கதவில் வெளியே ஏன் பூட்டு தொங்கியது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

முடிச்சூரில் எங்களுடையது கீழ்வீடு. 2015 வெள்ளத்தில் கல்யாண ஆல்பம் உட்பட எல்லாம் போயிற்று. எங்களுக்குக் குழந்தை பிறக்காது என்று டாக்டர் சொன்னதும் அந்த வருஷம்தான். அதற்குப் பிறகு ஆட ஆரம்பித்தேன். இந்த ஆட்டத்தில் நாம் ஒரு வீரனாக ஊர் ஊராகப் போவோம், கூடவே ஒரு துணை வரும். துணைக்கு நாமே பெயர் வைக்கலாம். நான் சுஜி என்று வைத்தேன். பெண் பிறந்தால் வைக்கலாம் என்று என் மனைவி எப்சியும் நானும் பேசி வைத்திருந்த பெயர். ஒரு பாகத்தில் வளர்த்த துணையை அடுத்த பாகத்துக்கும் அழைத்துப் போகலாம். முதல் பாகத்தில் என் கையைப் பிடித்து நடந்தவள், ஐந்தாம் பாகத்தில் வில்லெடுத்து எனக்குக் காவல் நின்றாள். எப்சி இதை ஒருமுறைகூடக் கேலி செய்ததில்லை.

ஜேசன் எப்சியின் தம்பி. நல்ல பையன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இந்த வருஷம் மழை வலுக்கும் என்று டிவியில் சொன்னதும் அக்காவைப் பொழிச்சலூரில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். எங்கள் தெருவில் கீழ்வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, ஃப்ரிட்ஜிலிருந்து கட்டில்வரை எல்லாவற்றையும் காலியாக இருந்த மாடிவீட்டுக்கு ஏற்றினோம். கேம் பெட்டி நனைந்துவிட்டதோ என்று பயந்து, எனக்கு உதவுவதாக நினைத்து, அதை டிவியில் மாட்டிச் சோதித்திருக்கிறான். 'புதிய ஆட்டம்' அழுத்தியிருக்கிறான்.

"நல்லா ஓடுது அத்தான். பழசு போனா என்ன, புதுசா ஆரம்பிச்சுக்கலாம்" என்றான்.

நான் கோபப்படவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அதற்குள் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்து, பாவம், அவனே வருத்தப்பட ஆரம்பித்துவிட்டான். மறுநாள் கீழே முழங்காலளவு தண்ணீர் வந்தபோது, சமையலறைப் பரணில் ஒரு பென் டிரைவில் பழைய ஆட்டத்தின் நகல் இருக்கிறது, எடுத்து வா என்றேன். அப்படி ஒன்று கிடையாது. அவன் மறுபேச்சில்லாமல் இறங்கினான். உள்ளே போனதும் பூட்டினேன். ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்ட வீடு.

மாடிப்படி வெளியே, சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகிறது. அதில் உட்கார்ந்தேன். தெருவில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் ஏற ஏற நானும் ஒவ்வொரு படியாக ஏறி உட்கார்ந்தேன். இதையும் அவர்கள் கவனிக்கலாம் சார். ஆட்டத்தில் துணை மூழ்கும்போது ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். நிஜத்தில் அப்படி இல்லை. ஜேசன் முதலில் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு கதவை இடித்தான். மன்னிப்புக் கேட்டான். சமையல் மேடைமேல் ஏறி நின்று ஜெபம் செய்தான். கடைசியில் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான்.

"திறங்க அத்தான். நான் அக்காகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அது தளரும்வரை விடவில்லை. எப்சியிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

அவன் உள்ளே இருப்பது தெரியாமல் பழக்கதோஷத்தில் பூட்டிவிட்டேன் என்று முதலில் சொன்னது பொய். தெரிந்துதான் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சேமிக்க இன்னும் ஓர் இடம் கொடுத்திருந்தால் ஜேசன் இன்று உயிரோடு இருந்திருப்பான். அந்தக் கம்பெனிக்கு நீங்களாவது எழுதுங்கள் சார். இன்னொரு குடும்பத்துக்கு இப்படி நடக்கக் கூடாது.