திங்கட்கிழமை இந்தி வகுப்பு

பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்குள் இன்னொரு மொழியைத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் நாக்கு வளையாது. உங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருப்பதாக ஏட்டய்யா சொன்னார், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன் சார். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடுகிறது, ஏழு மணிக்குச் சோறு. நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிள்ளை உருப்படுவதும் உருப்படாமல் போவதும் இருக்கிறது. இந்த அரியலூரில் அதைப் புழுதியில் கொட்டுகிறார்கள்.

என் பெயர் ஆரோக்கியசெல்வம். அரசாங்க ஆபீசில் கிளார்க். மனைவி இன்னாசிமேரி. ஒரே மகள் விண்ணரசி, எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. கல்லங்குறிச்சி ரோட்டில், டவுன் முடிந்து வயல் ஆரம்பிக்கும் இடத்தில் வீடு.

எழுபதாம் வருஷம் எனக்கு நாக்பூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நாலு மாதம் இருந்தேன். மேனேஜர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவேன். ஆட்டியபடி நான் தப்பாகச் செய்வதைப் பார்க்கவே மூன்று பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். சிரிப்பார்கள். டீ கொண்டுவரும் ஆள்கூடச் சிரிப்பான். ஐந்தாம் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினாலு வருஷம் ஆகிறது, ஆபீசில் யாராவது சிரித்தால் இப்போதும் என்னைத்தானோ என்று திரும்பிப் பார்க்கிறேன். என் பிள்ளையைப் பார்த்து ஒருத்தன் அப்படிச் சிரிக்கக்கூடாது. நான் கேட்டது அவ்வளவுதான்.

அதனால் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். திங்கள், புதன், வெள்ளி நாலரையிலிருந்து ஐந்தரை வரை இந்தி. பாலசுந்தரம் சார் ரயில்வேயில் இருந்து வடக்கே பாதி ஆயுளைக் கழித்தவர், ஓய்வு பெற்று வீட்டிலேயே சொல்லித் தருகிறார். செவ்வாயும் வியாழனும் தேவசகாயம் சாரிடம் இங்கிலீஷ். சனிக்கிழமை கோயிலில் ஹார்மோனியம். பெரம்பலூருக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது கெட்டி அட்டை வாங்கிவந்து, கட்டம் போட்டு, இந்திக்குச் சிவப்பு மை, இங்கிலீஷுக்குப் பச்சை மை என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். தெருவில் கேலி பேசினார்கள். ஊரே இந்தி வேண்டாம் என்கிறபோது இவருக்கு மட்டும் என்ன வந்தது என்றார்கள். பேசட்டும் என்று விட்டேன். இன்னாசிமேரி மட்டும் ஒருநாள், "கொஞ்ச நேரம் வெளையாடட்டுமேங்க, சின்னப் புள்ளதான" என்றாள். விளையாட்டு எந்தப் பரீட்சையில் வருகிறது என்று கேட்டேன்.

போன ஐப்பசியில் பாலசுந்தரம் சார் ஆபீசுக்கே வந்துவிட்டார். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லிங்களா சார்? மூணு வாரமா புதங்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வரல. திங்கக்கிழமை வந்தாலும் தல ஈரமா இருக்கு, ஒக்காந்தபடியே தூங்குது" என்றார். பக்கத்து மேஜைக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். எனக்கு மானம் போயிற்று.

விசாரித்ததில் தெரிந்தது, பிள்ளை கிணற்றுக்குப் போகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு வயல் தாண்டி ஒரு கிணறு. நிலத்துக்காரர் திருச்சியில் இருக்கிறார். அரியமுத்து என்பவன் குத்தகைக்குப் பயிர் வைக்கிறான். அவன் பெண்டாட்டி வீராயி. அவர்கள் மகள் மலர்க்கொடி, பன்னிரண்டு வயது, ஐந்தாவதோடு நின்றுவிட்டு ஆடு மேய்க்கிறாள். இந்த மலர்க்கொடிதான் என் மகளுக்கு வாத்தியார். மிதப்பதற்கு இடுப்பில் கல்யாண முருங்கைக் கட்டையைக் கட்டி நீச்சல் பழக்கியிருக்கிறாள். ஒரு மாதத்தில் கட்டையையும் அவிழ்த்துவிட்டாள்.

விண்ணரசியைக் கேட்டேன். ஸ்கேலால் ரெண்டு போட்டுத்தான் கேட்டேன். அடி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, முழங்கையில் கொஞ்சம் தடித்திருந்தது. அழுகையோடு அவள் சொன்னாள், "எனக்குத் தண்ணிக்குள்ள கண்ணத் தொறக்கத் தெரியும்ப்பா. மலரக்கா அடிமண் எடுத்துட்டு வரும். அவ்ளோ ஆழம் வேற யாரும் போவ முடியாது. எனக்கும் சொல்லிக் குடுக்கிறேன்னுச்சு." அழுதுகொண்டிருந்த பிள்ளை அதைச் சொல்லும்போது சிரித்தது சார். இந்தியில் பத்து எண் சொல்லச் சொன்னால் ஆறாவதில் நிற்கிற பிள்ளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மழை பெய்து கிணறு நிறைந்திருந்த நேரம். மூன்று ஆள் ஆழம் இருக்கும். தலைகீழாகப் பாய்ந்து, அடியைத் தொட்டு, ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். அதுதான் அங்கே பெரிய வித்தை. எட்டு வயதுப் பெண்ணை இதற்குப் பழக்குகிறாள் என்றால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? நீங்கள் இருப்பீர்களா?

முறையாகத்தான் போய்ச் சொன்னேன். வீராயி களை பறித்துக்கொண்டிருந்தாள். உன் பெண்ணை என் மகளோடு சேராதபடி பார்த்துக்கொள் என்றேன். அவள் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாங்களா சார் கூப்புட்டோம்? ஒங்க புள்ளதான் ஓடியாருது. வந்தா ஒரு மணி நேரம் சிரிச்சிட்டுப் போவுது. நீச்சலு தெரிஞ்சா நல்லதுதானுங்களே. நாளைக்கி ஏரியில கொளத்துல கால் வழுக்குனா ஒங்க இந்தி வந்து தூக்குமா சார்?"

பக்கத்தில் களை பறித்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். குனிந்தபடியே சிரித்தார்கள். நான் வரப்பில் ஏறி வந்துவிட்டேன். என் பிள்ளைக்கு எது நல்லது என்று களை பறிக்கிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

பிள்ளையை வீட்டில் அடைத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். அடைத்தேன். இன்னாசிமேரி திறந்துவிட்டாள். நானே தினமும் வகுப்புக்குக் கூட்டிப்போகலாம் என்றால் ஆபீசில் யார் விடுவார்கள்? வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் அதன் மனசு கிணற்றில்தான் கிடந்தது. அப்படியானால் கிணற்றைத்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

அந்தச் சமயம் ஆபீசுக்கு ஒரு மனு வந்தது. ஏரி மீன் குத்தகை எடுத்த சாமிதுரை, திருட்டு வலை போடுகிறவர்களுக்காகத் தண்ணீருக்குள் முள் வெட்டிப் போட்டிருக்கிறான், மாடு இறங்கினால் காலைக் கிழிக்கிறது, எடுக்கச் சொல்லுங்கள் என்று. நான்தான் அதற்கு நம்பர் போட்டேன். எல்லா ஏரியிலும் செய்கிறதுதான். முள்ளுக்குப் பயந்து யாரும் வலையோடு கிட்டே வருவதில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நல்ல முறையாகத் தோன்றியது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியமுத்து குடும்பம் ஆண்டிமடத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தது. இன்னாசிமேரியும் பிள்ளையும் பூசைக்குப் போனார்கள். எனக்குத் தலைவலி என்றேன். சீமைக்கருவை முள்ளை நாலு கட்டாகக் கட்டி, கட்டுக்கு ரெண்டு சுண்ணாம்புக்கல் வைத்து, கட்டிலுக்கு வாங்கியிருந்த கயிற்றால் இறுக்கினேன். படி வழியாக இறங்கி ஒவ்வொன்றாக விட்டேன். கையெல்லாம் கீறல். வேலி அடைத்தேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

முள் மேலாக மிதந்திருந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்குமே, பயந்து போயிருப்பார்களே, ஏன் அடியில் போட்டாய் என்று கேட்கிறீர்கள். மேலே நாலைந்து பிள்ளைகள் நீந்தும், பாவம், அதுகளுக்கு எதற்குக் காயம்? நானும் பிள்ளை பெற்றவன். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் கல்லை ஒன்றுக்கு ரெண்டாக வைத்தேன். அடி வரைக்கும் போகிறவள் ஒருத்திதான்.

உயிர் போகும் என்று நினைக்கவில்லை. ரெண்டு கீறு கீறினால் அந்தத் திமிர் அடங்கும் என்று நினைத்தேன். பாவாடை முள்ளில் மாட்டும் என்று நான் கண்டேனா?

சாமிதுரைதான் முள் போடுகிறவன் என்று அவனை ரெண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தீர்கள். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை, அது உண்மை. என் மகள்தான் வீராயியிடம் போய், அப்பா கையெல்லாம் கீறல் இருந்தது, முள் கட்டில் இருந்த கயிறு எங்கள் வீட்டுக் கயிறு என்று சொல்லியிருக்கிறாள். இந்திக்கு, இங்கிலீஷுக்கு, பாட்டுக்கு என்று பார்த்துப் பார்த்து மூன்று வாத்தியார் வைத்தேன். பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றுதான் தெரியவில்லை. நேற்று ஜன்னலுக்கு வெளியே இன்னாசிமேரியோடு நின்றாள். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நெஞ்சழுத்தம் கிணற்றடியில் கற்றுக்கொண்டதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதி சொல்லி நிறுத்துவது என் பழக்கம் இல்லை.

முள் போட்ட மறுநாள், திங்கட்கிழமை, ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு நானே விண்ணரசியை சைக்கிளில் வைத்துப் பாலசுந்தரம் சார் வீட்டில் விட்டேன். அவள் உள்ளே போய் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு நேராகக் கிணற்றுக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. மலர்க்கொடி மட்டும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் நின்றாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்தாள். பிறகு சிரித்தாள். இவள் சிரிப்பு கேலிச் சிரிப்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"விண்ணரசி வரலிங்களா சார்? கிளாசுங்களா? கிளாசு முடிஞ்சப்பறம் அனுப்புங்க சார். நல்லா மூச்சு புடிக்குது. நான் எப்புடி எடுக்கறேன்னு பாருங்க" என்றாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் போய் வீராயியிடம் சொல்வாள், வீராயி ஊரைக் கூட்டுவாள். மறுபடியும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அவள் பாய்ந்தாள். முதலில் குமிழி நிறைய வந்தது. பிறகு கொஞ்சமாக வந்தது. தண்ணீர் நடுவில் மட்டும் குலுங்கியது. நான் இறங்கவில்லை, எனக்கு நீச்சல் தெரியாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அரியமுத்து ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். மாட்டை அதட்டும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் கூப்பிடவில்லை. தண்ணீர் அசையாமல் நிற்கும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு மணியைப் பார்த்தேன்.

ஐந்தேகால். ஐந்தரைக்கு வகுப்பு விட்டுவிடும். பெண் பிள்ளை தெருவில் தனியாக நிற்கக்கூடாது சார், காலம் கெட்டுக் கிடக்கிறது. சைக்கிளை வேகமாக மிதித்தேன்.